இதில் சுகன்யா எங்கே?

பிரபு,

இதை உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்பவில்லை. அங்கே நான் அனுப்புவதற்கெல்லாம் நீலக் கோடு விழுகிறது, பதில் வருவதில்லை. ஆனால் அச்சில் வந்த எதையும் படிக்காமல் தூரப்போடும் பழக்கம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது. பஜ்ஜி மடித்து வந்த தாளைக்கூட எண்ணெய் ஊறி எழுத்து மறைவதற்குள் படித்துவிடுவாய். அதை நம்பித்தான் ஊரறிய எழுதுகிறேன். பெயர்களை மாற்றிவிட்டேன், உன் பெயர் உட்பட. யார் யாரென்று உனக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

அடுத்த மாதம் நீ மகள் இனியாவை அழைத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போகிறாய். போகாதே என்று சொல்ல இதை எழுதவில்லை. கம்பெனி கேட்டது, நீ சரியென்றாய். இந்தப் பெங்களூரில் நீ தினமும் கடந்துபோக வேண்டிய சாலைகளை நினைத்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் நீங்கள் குடியிருந்த ஈஜிபுரா வீட்டைக் காலி செய்யச் சொல்லி என் கையில் சாவியைக் கொடுத்தபோது நீ சொன்னது என் காதிலேயே நிற்கிறது. "எல்லாத்தையும் யாருக்காவது குடுத்துடுங்கப்பா. எனக்கு எதையும் காட்ட வேணாம்." நீ லிஃப்டுக்குள் போய்விட்டாய். நான் சாவியை வைத்துக்கொண்டு நின்றேன். எதையும் என்றால் எது வரைக்கும் என்று கேட்டிருக்க வேண்டும். கேள்வி கேட்டே சோறு தின்றவன், உன்னிடம் மட்டும் எனக்குக் கேள்வி வருவதில்லை.

நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது என் நிருபர் தொழிலின் பழக்கம், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் சொல்கிறேன். உன் மனைவி சுகன்யா போன வருடம் மழைக்காலத்தில் டெங்குவில் இறந்துபோனாள். சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்த்தாள். பிறகு ஆஸ்பத்திரி, பிறகு ஐசியு. அந்த வாரம் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இனியாவுக்கு அப்போது மூன்று வயது. அவள் பிரேசர் டவுனில் எங்கள் வீட்டில்தான் இருந்தாள், உன் அம்மாவின் புடவையைக் கூடாரம் கட்டி விளையாடிக்கொண்டிருந்தாள்.

முதலாம் ஆண்டு நினைவு அஞ்சலி விளம்பரத்திலிருந்து தொடங்குகிறேன். அன்றைக்குத்தான் நீ கடைசியாக அவள் பெயரைச் சொன்னாய்.

நான் வேலை பார்த்த தமிழ் நாளிதழின் பெங்களூரு அலுவலகம் சிவாஜி நகரில் மாடியில் ஒற்றை அறை. நான் நிருபர்தான், விளம்பரம் என் வேலை இல்லை. ஆனால் விளம்பரம் வாங்குகிறவர் பாதி நாள் வெளியில் சுற்றுவார், படியேறி வருகிறவர்கள் என் மேஜைக்குத்தான் வருவார்கள். கையில் ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. "நாலு வரி நல்லா எழுதிக் குடுங்க சார்." எழுதிக் கொடுப்பேன். போகப் போக சில வாசகங்கள் கைக்குப் பழகிவிட்டன. புன்னகை மாறாத முகமும் பொறுமை குன்றாத மனமும் கொண்டு எங்கள் இல்லத்தின் ஒளியாய் இருந்தீர்கள் என்று ஒன்று. நீங்கள் நடந்த பாதையில் எங்கள் கால்கள் என்று ஒன்று. தாய்க்கும் போடலாம், தந்தைக்கும் போடலாம், லாரி மோதிச் செத்த தம்பிக்கும் போடலாம். எல்லோருக்கும் பொருந்தும், அதுதான் அவற்றின் வசதி. வாங்கிப் படிக்கிறவர்கள் அழுவார்கள். நான் நன்றாக எழுதியதால் அழுகிறார்கள் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுகன்யாவுக்கு வருடம் திரும்பியபோது உன் அம்மா சொல்லித்தான் எழுதினேன். டீ ஆறுவதற்குள் எழுதி முடித்துவிட்டேன். நீ சாப்பிட உட்கார்ந்திருந்தாய். தாளை வாங்கி ஒரு முறை மனதுக்குள் படித்தாய். பிறகு சத்தமாகப் படித்தாய்.

"இது யாருப்பா?"

"என்னடா கேக்கற, சுகன்யாதான்."

"இதுல சுகன்யா எங்க இருக்கா? புன்னகை மாறாத முகமாம். காலைல காபி குடிக்கற வரைக்கும் அவ யார் மூஞ்சியையும் பாக்க மாட்டா. பொறுமையாம். ஆட்டோக்காரன் இருபது ரூபா சேத்துக் கேட்டான்னு கோரமங்களா சிக்னல்லயே இறங்கி நடந்தே வந்தவப்பா அவ. செருப்பு பிஞ்சு, அதக் கைல எடுத்துக்கிட்டு."

உன் அம்மா அடுப்படியிலிருந்து, "அந்தப் பொண்ணு சிரிச்சத இவரு எங்கடா பாத்தாரு? இவரப் பாத்தா யாருக்கு சிரிப்பு வரும்?" என்றாள்.

நீ சிரித்தாய். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு உன் சிரிப்பைக் கேட்டேன். அது பாதியிலேயே வேறு மாதிரி ஆனது. தட்டை சிங்க்கில் வைத்துவிட்டு, கைகூடக் கழுவாமல் கீழே காருக்குப் போய் உட்கார்ந்துகொண்டாய். நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. நான் இறங்கி வரவில்லை.

அந்த வாசகத்தை நான் அனுப்பவில்லை. போட்டோவும் பேரும் மட்டும் அனுப்பினேன். அலுவலகத்திலிருந்து இப்போதைய பையன் போன் செய்தான். "சார், வாசகம் விட்டுப்போச்சு போலிருக்கே." ஆமாம்ப்பா, விட்டுப்போச்சு, அப்படியே போட்டுவிடு என்றேன். பேப்பரில் வந்ததை நீ பார்த்தாயா என்று எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து அவள் பெயர் உன் வாயிலிருந்து வரவில்லை. ஹாலிலிருந்த கல்யாண போட்டோவைக் கழற்றினாய். போனிலிருந்த அவள் படங்களை வேறெங்கோ மாற்றிவிட்டாய். இனியா இருக்கும்போது யாராவது "சுகன்யா" என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறாய். இப்போது யாரும் ஆரம்பிப்பதில்லை.

இடையில் ஒரு நாள் நீ என்னை டாக்டரிடம் காட்டிவிட்டுக் கூட்டிக்கொண்டு வந்தாய், நினைவிருக்கிறதா? ஈஜிபுரா சிக்னலில் கார் நின்றது. என் பக்கம் திரும்பாமலே சொன்னாய். கம்பெனியில் மனசுக்கு ஆலோசனை சொல்லக் கவுன்சிலர் என்று ஒரு பெண் இருக்கிறார், எழுதச் சொன்னார். தினம் இருபது நிமிஷம், நாலு நாள். மனசில் இருப்பதை நிறுத்தாமல் எழுத வேண்டும், பிழை பார்க்கக் கூடாது, திருத்தக் கூடாது, யாருக்கும் காட்ட வேண்டியதில்லை, வேண்டுமானால் கிழித்துப் போடலாம்.

"எழுதினியா?"

"ஒரு நாள் எழுதினேன்."

"அப்புறம்?"

"எழுதினா கொஞ்சம் கொஞ்சமா பாரம் போயிடும்ங்கறாங்க. எனக்குப் போக வேணாம்பா. அதுவும் போயிட்டா அவளோடதுன்னு என்கிட்ட என்ன இருக்கு?"

பச்சை விழுந்துவிட்டது. பின்னாலிருந்த பிஎம்டிசி பஸ்காரன் ஹாரனில் கை வைத்து எடுக்கவே இல்லை.  பதில் சொல்லத் தெரிந்திருந்தால் ஹாரனுக்கு நடுவிலும் சொல்லியிருப்பேன். இப்போது சொல்கிறேன். பயப்படாதே, போகாது. நான் எழுதிப் பார்த்துவிட்டேன்.

அந்த சிக்னலுக்கு மறுநாளே உட்கார்ந்தேன். ஆயுள் பூராவும் எழுதினவன், இருபது நிமிஷம் எனக்கென்ன என்று நினைத்தேன். முதல் நாள் என் கை என்ன எழுதியது தெரியுமா? "பெங்களூரு:" என்று ஊர் போட்டுத் தொடங்கியது. ஈஜிபுராவைச் சேர்ந்த தனியார் நிறுவன ஊழியர் சுகன்யா, அடைப்புக்குறிக்குள் வயது, டெங்குக் காய்ச்சலுக்குச் சிகிச்சை பெற்றுவந்த நிலையில் உயிரிழந்தார். கடைசியில், அவருக்குக் கணவரும் மூன்று வயது மகளும் உள்ளனர். எல்லாம் இருந்தது. எங்கே, எப்போது, எப்படி. ஒரு திருத்தம் போட இடமில்லை. முடித்தபோது எனக்குத் துக்கம் வரவில்லை, பிரபு. நேரத்துக்குச் செய்தி கொடுத்துவிட்ட நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் நான் பயந்தேன்.

ஒன்று மட்டும் கவனித்தேன். "பரிதாபமாக" என்ற சொல்லை நான் போடவில்லை. அதை நிறுத்தியவள் அவள்தான். கல்யாணமான புதிதில் என் பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே கேட்டாள்: "ஏன் மாமா, உங்க பேப்பர்ல எல்லாரும் பரிதாபமாதான் சாவாங்களா? யாராவது சாதாரணமா சாகக் கூடாதா?" மருமகள் வந்த மாதத்திலேயே மாமனாரின் பிழைப்பைக் கிண்டல் செய்கிறாளே என்று உன் அம்மா கண்ணால் ஜாடை காட்டினாள். எனக்குப் பிடித்திருந்தது. அன்றிலிருந்து அந்தச் சொல்லை விட்டுவிட்டேன்.

இரண்டாம் நாள், செய்தி வேண்டாம், நடந்ததை நடந்தபடி எழுதுவோம் என்று ஆஸ்பத்திரி வராந்தாவை எழுதினேன். பிளேட்லெட் வேண்டும் என்று சொன்னவுடன் நான் என் பழைய எண்களையெல்லாம் எடுத்தேன், ஞாபகமிருக்கும். பழைய வார்டு கவுன்சிலர், ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர், ரத்ததானம் நடத்துகிற சங்கத்துக்காரர்கள். எல்லோரும் எடுத்தார்கள். "சொல்லுங்க அண்ணே, எங்க வரணும்" என்றார்கள். எழுதிக்கொண்டே வரும்போது அந்த இடத்தில் பேனா நின்றது. திருத்தக் கூடாது, நிறுத்தக் கூடாது என்பது விதி. அதனால் எழுதினேன். ரிட்டயரான பிறகும் என் பெயரைச் சொன்னால் போனை எடுக்கிறார்கள் என்று அந்த வராந்தாவில் ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உள்ளே அவள் படுத்திருக்கிறாள், கதவுக்கு வெளியே நீ தரையில் உட்கார்ந்திருக்கிறாய், எனக்குச் சந்தோஷம். இதை உன்னிடம் நேரில் என்னால் சொல்லியிருக்க முடியாது. எழுத்து இந்த வேலையைச் செய்கிறது. பாரத்தை இறக்குவதில்லை. அடியில் இன்னொன்று கிடப்பதைக் காட்டுகிறது.

அன்றைக்கு எனக்கு பிபி ஏறி, உன் அம்மா பேனாவையும் பேடையும் தூக்கி அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். "ஆறுதலுக்கு எழுதறாராம் ஆறுதலுக்கு. மூஞ்சியப் பாருங்க கண்ணாடில. இதுக்கு நாலு வாட்டி மாஸ்க் ரோடு வரைக்கும் நடந்துட்டு வாங்க." அவள் சொன்னதில் தவறில்லை. எழுதியதால் எனக்கு ஒரு நாளும் மனம் லேசானதில்லை. மூன்றாம் நாள் அரிசி டின்னைத் தேடிக் கண்டுபிடித்தேன்.

மூன்றாம் நாள் அவளைப் பற்றி மட்டும் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நீ கேட்டாயே, இதில் சுகன்யா எங்கே என்று. அவளை எழுத வேண்டும், அவள் சாவை அல்ல. திருப்பத்தூர்க்காரி. என்னை மாமா என்பாள். பச்சை ஸ்கூட்டர். கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடுவாள். பரிதாபமாக. ஆட்டோ, பிய்ந்த செருப்பு. அது நீ சொல்லித் தெரிந்தது. அதற்கு மேல் வரவில்லை. இருபது நிமிஷத்தில் பாதிகூட ஆகவில்லை. ஒரு பக்கம் நிரம்பவில்லை. உங்கள் கல்யாணத்திலிருந்து ஏறக்குறைய எல்லா ஞாயிற்றுக்கிழமையும் என் வீட்டுக்கு வந்துபோனவள். முன்பின் தெரியாதவர்கள் செத்தால் அரை மணி நேரத்தில் அவர்களைப் பற்றி முக்கால் பத்தி சேகரித்துவிடுவேன். இவளுக்கு ஒரு பக்கத்துக்கு என்னிடம் விஷயமில்லை.

விஷயம் இல்லாவிட்டால் நிருபர் என்ன செய்வான், நேரில் போவான். நான் ஈஜிபுராவுக்குப் போனேன். வீட்டைக் காலி செய்யத்தான் போனேன் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். கீழ்வீட்டு ஓனரம்மா கேட்டைத் திறந்துகொண்டு, "ஏன் சார், மனெ காலி மாட்தீரா?" என்று, வீட்டைக் காலி செய்கிறீர்களா என்பதைக் கன்னடத்தில் கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்துப் பேச்சை மாற்றி உட்காரச் சொன்னார். நானாக எதுவும் கேட்கவில்லை. மாடிக் குழாயைப் பார்த்துக்கொண்டு அவராகவே சொன்னார். குழாயில் காவேரித் தண்ணி வர்ற நாளில் உங்க மருமகள் மாடியிலிருந்து பாடுவாள் சார். "நீரு பந்த்ரெ சாக்கு, ஆ ஹுடுகி ஹாடக்கெ ஷுரு." தண்ணீர் வந்தால் போதும், பாட்டு ஆரம்பித்துவிடுமாம். என்ன பாட்டு என்று கேட்டேன். தமிழ்ப் பாட்டு, தமக்குத் தெரியாது என்றார். ஆனால் அந்தச் சத்தம் கேட்டால் மோட்டார் போட வேண்டும் என்று தெரிந்துகொள்வாராம். இப்போது பல நாள் மறந்துவிடுகிறது, தொட்டி நிறைவதில்லை என்றார்.

சுகன்யா பாடுவாள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அவள் பாடியதில்லை. இதை நான் எழுதிவைத்திருக்கிறேன். ஆனால் ஒரே ஒருவர் சொன்னதை அப்படியே போடக் கூடாது, இன்னொருவர் உறுதிசெய்ய வேண்டும் என்றுதான் என்னைப் பழக்கினார்கள். அந்த இன்னொருவர் நீ. உலகத்தில் வேறு யாரும் இல்லை. அவள் என்ன பாடினாள், நன்றாகப் பாடுவாளா, நீ சும்மா இரு என்று சொல்வாயா, கூடச் சேர்ந்து பாடுவாயா, இதெல்லாம் உன் ஒருவனிடம்தான் இருக்கிறது.

மேல்வீட்டைத் திறந்தேன். நீ சொன்னபடி பீரோவையும் வாஷிங் மெஷினையும் கொடுத்துவிட்டேன். மற்றதைக் கொடுக்கவில்லை. ஹெல்மெட் உள்ளே அவள் முடி ஒன்று ஒட்டியிருந்தது. அதை எடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி ஹெல்மெட்டுக்குள்ளேயே விட்டேன். ஒரு அட்டைப் பெட்டி பிரேசர் டவுனில் எங்கள் கட்டிலுக்கடியில் இருக்கிறது. உனக்குக் காட்ட மாட்டேன். சொன்ன வார்த்தையை மீறவில்லை. இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

இனி என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உன்னிடம் சொன்னதில்லை, சொல்ல ஒன்றுமில்லை என்பதால்தான். நீலசந்திராவில் மில் தொழிலாளிகள் குடியிருந்த வரிசையில், எனக்கு நாலு வயதில் இறந்துபோனாள். இனியாவுக்கு இப்போது நாலு. அப்பா மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஷிப்ட் முடிந்து வந்து சமைப்பார், என் தலையைத் துவட்டிவிடுவார், ஒரு நாளும் அடித்ததில்லை. அம்மாவைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. கேட்கக் கூடாது என்றும் சொன்னதில்லை. எப்படியோ எனக்குத் தெரிந்திருந்தது. பிறகு நான் நிருபரானேன். ஊரில் யார் செத்தாலும் அந்த வீட்டுக்குப் போனேன். புதிதாக வருகிற பையன்களுக்கு நான் சொல்லிக் கொடுப்பது ஒன்றுண்டு. சாவு வீட்டில் எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்காதே, அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேள். அப்போதுதான் பேசுவார்கள். ரெண்டு இட்லி வெச்சேன் சார், ஒண்ணுதான் சாப்பிட்டாரு என்று ஆரம்பித்தால் முழு மனுஷனும் வந்துவிடுவான்.

இத்தனை வீட்டில் கேட்டவன், என் அப்பாவிடம் கேட்கவில்லை. அவர் ரிட்டயராகி ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலத்தில் தினமும் அவரைத் தாண்டித்தான் செய்திக்குப் போனேன். அவரும் போனார். பிறகு ஒரு கல்யாண வீட்டில் அப்பா வழி அத்தை ஒருத்தி, காது சரியாகக் கேட்காதவள், என்னைப் பார்த்து, "உங்கம்மா மாதிரியே உசரம். குனியாம உள்ள வந்தா வாசல் நெல தலைல இடிக்கும் அவளுக்கு. நாயின்னா அப்பிடி ஒரு பயம்" என்றாள். மேலே கேட்பதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அவ்வளவுதான் என் அம்மா. உயரம், நாய் பயம். எனக்கு எழுபதாகப் போகிறது. தெருவில் நாயைக் கண்டு ஒதுங்குகிற பெண்கள் யாரையாவது பார்த்தால் இப்போதும் நின்று பார்க்கிறேன், உன் அம்மா திட்டுவாள்.

அப்பா ஏன் பேசவில்லை என்பது நீ அந்த சிக்னலில் சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது. அவருக்கும் அந்தப் பாரம் போக வேண்டாம். வாயைத் திறந்தால் குறைந்துவிடும் என்று முழுவதையும் உள்ளேயே வைத்துக்கொண்டார். பத்திரமாகத்தான் வைத்திருந்தார். அவரை எரித்த அன்று அதுவும் சேர்ந்து எரிந்தது. எழுதினால் துக்கம் போய்விடும் என்று பயப்படுகிறாய். துக்கம் எங்கும் போகாது. எழுதாமல் விட்டால் போகிறவள் சுகன்யா.

காலம் ஆற்றும் என்று உனக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல மாட்டேன். நினைவு அஞ்சலி கொடுக்க வருகிறவர்களை வருஷா வருஷம் பார்த்தவன் நான். ஒரே தேதிக்கு ஒரே போட்டோவோடு வருவார்கள். ஐந்தாம் ஆண்டு, பத்தாம் ஆண்டு. கொண்டு வருகிறவருக்குத் தலை நரைக்கும், போட்டோவுக்கு நரைக்காது. புருஷன் போட்டோவோடு வந்த ஒரு அம்மாளை, "உங்க பையனாம்மா?" என்று புதிதாக வந்த டைப்பிஸ்ட் கேட்டுவிட்டாள். அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. "ஆமாம்மா, இப்ப அப்படித்தான் ஆயிடுச்சு" என்றார். முதல் வருஷம் போட்டோவை மேஜைமேல் வைத்துவிட்டு விடாமல் பிடித்துக்கொண்ட கை பத்தாம் வருஷமும் அதே மாதிரி பிடித்துக்கொள்ளும். இதைவிட நல்லதாக எதையும் நான் பார்த்ததில்லை. இருந்தால் உனக்குச் சொல்லியிருக்க மாட்டேனா?

அதனால் உன் ஆறுதலுக்காக எழுது என்று நான் கேட்கவில்லை. ஆறுதல் வருமா என்பது எனக்குத் தெரியாது, எனக்கு வரவில்லை. இனியாவுக்காக எழுது. ஆஸ்பத்திரியிலிருந்து ஆரம்பிக்காதே, அங்கே போனால் வெளியே வர முடியாது. செய்தி மாதிரி எழுதாதே, அஞ்சலி மாதிரி நிச்சயமாக எழுதாதே. அவள் எதற்குச் சண்டை போட்டாள், எதைத் தூக்கி எறிந்தாள், காபிக்கு முன் என்ன முகம், காபிக்குப் பின் என்ன முகம், அதை எழுது. வீட்டில் பேசுகிற பாஷையிலேயே எழுது, இங்கிலீஷ் எழுத்தில் தட்டினாலும் சரி. முதல் நாள் எழுதியதைக் கிழித்திருந்தால் பரவாயில்லை. எனக்குக் காட்டாதே, உன் அம்மாவுக்குக் காட்டாதே. என்னிடம் இருக்கிற அரைப் பக்கத்தை உன் பெட்டியில் வைத்து அனுப்புகிறேன். அதில் தப்பிருந்தால் அடித்துவிடு. அம்மாவைப் பற்றித் தாத்தா எழுதியது அரைப் பக்கம்தான் என்று இனியா ஒரு நாள் பார்க்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். நீ விசா விஷயமாக வெளியே போயிருந்தாய். உன் அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். இனியா மேஜையில் எனக்கு எதிரில். அவளுக்குச் சட்னி ஆகாது, சாம்பார் ஆகாது. தட்டின் ஓரத்தில் சர்க்கரை. தோசையைச் சுருட்டி அதில் தொட்டுக்கொண்டிருந்தவள் கேட்டாள்:

"தாத்தா, அம்மாவும் தோசைக்கு சக்கரதான் தொட்டுக்குவாங்களா?"

நான் யோசித்தேன். அந்த மேஜையில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை தோசை சாப்பிட்டிருக்கிறேன். சுகன்யாவை நினைத்தால் கையில் தோசைத் திருப்பியோடு நிற்கிறாள். உனக்கு வைக்கிறாள், எனக்கு வைக்கிறாள், "இன்னொண்ணு மாமா" என்கிறாள். அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. நாம் இருவரும் எழுந்து டிவிக்குப் போன பிறகு அவளும் உன் அம்மாவும் அடுப்படியிலேயே சாப்பிட்டிருக்கிறார்கள். ஊரெல்லாம் போய்க் காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டவனுக்கு, சொந்த வீட்டில் மருமகள் என்ன சாப்பிட்டாள் என்று தெரியாது. அடுப்படிக்குக் குரல் கொடுத்தேன். உன் அம்மா தோசையைத் திருப்பாமல் அடுப்படி வாசலுக்கு வந்தாள். "மிஞ்சினத சாப்பிடுவா. நானும் கவனிக்கலையே" என்றாள். தோசை கருகிவிட்டது.

"அப்பாகிட்ட கேக்கலாம்மா" என்றேன் இனியாவிடம்.

அவள் வாசல் கதவைப் பார்த்தாள். நீ வந்துவிட்டாயா என்று பார்த்திருக்கிறாள். பிறகு என் பக்கம் சாய்ந்து, ரகசியம் சொல்கிற குரலில் சொன்னாள். "அப்பாகிட்ட அம்மாவப் பத்திக் கேக்கக் கூடாது தாத்தா."

"யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. எனக்கே தெரியும்."

சொல்லிவிட்டு மீதித் தோசையைச் சாப்பிட்டாள். அழவில்லை, முகம் வாடவில்லை. சர்க்கரை கேட்டாள், போட்டேன். தட்டை அவளே எடுத்துக்கொண்டு போய் உன் அம்மாவிடம் கொடுத்தாள்.

அவள் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை, பிரபு. அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை என்னிடமும் கேட்கவில்லை. நாலு வயதில் நானும் இப்படித்தான் நிறுத்தியிருப்பேன், ஏதோ ஒரு நாள், தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு.

சுகன்யா தோசைக்கு என்ன தொட்டுக்கொள்வாள்? அந்த ஒன்றையாவது அவளிடம் சொல்லிவிட்டு விமானம் ஏறு.

அப்பா